லடாக் போய்வந்த வண்டியை உடனே கழுவாதீர்கள்

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து 350 சிசி வண்டியில் தனியாகக் கிளம்பி, மணாலி வழியாக லே போய், ஸ்ரீநகர் வழியாக இறங்கி, ராஜஸ்தானையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள். 38 நாள், 9,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீடு வந்து ஒன்பது நாள் ஆகிறது. முன் பிரேக் பிடித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம், மைலேஜ் குறைந்துவிட்டது, வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன, வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் மூன்றே வரி: காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ‘எப்படி இருந்தது’ என்று வீட்டில் கேட்டால் சொல்ல வரவில்லை, வண்டியை விற்றுவிடலாமா என்று இருக்கிறது. கூடவே, ஹேண்டில்பாரில் கட்டிய கொடியைக் கழற்றலாமா என்று ஒரு சின்னக் கேள்வி. வண்டியின் கோளாறு பாதிக் கேள்விதான், திரும்பி வந்தபின் மனுஷன் இப்படி இருப்பது சகஜமா என்பதுதான் மீதிப் பாதி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் 24 வருஷமாக இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். மணாலி–லே சாலை கோடையில் திறந்து பனிக்கு முன் மூடிவிடும் என்பதால், ஆகஸ்ட், செப்டம்பரில் லடாக் போய்வந்த வண்டிகள் வருஷத்துக்கு ஏழெட்டாவது என் பட்டறைக்கு வரும். 2009இல் நானே போய்வந்தேன். நீங்கள் அடல் சுரங்கத்தில் சொகுசாகத் தாண்டியதை (9 கிலோமீட்டர், 2020இல் திறந்தார்கள்) நாங்கள் ரோதாங் கணவாய்ச் சேற்றில் அரை நாள் உருட்டிக் கடந்தோம். அப்பா நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். அதனால் ஊருக்குத் திரும்பி வருவது என்றால் என்னவென்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் பார்த்தவன். நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கழுவிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கழுவவில்லையென்றால் தயவுசெய்து இன்னும் இரண்டு நாள் அப்படியே விடுங்கள். வந்ததும் வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, பளபளவென்று போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம்தான் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தத் தண்ணீரில் போயிருக்கும். புழுதி படிந்த வண்டியில் எண்ணெய் எங்கே கசிந்ததோ அங்கே புழுதி ஈரமாகக் கறுத்துப் பிடித்திருக்கும். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒரு வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. சக்கரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிரீஸ் கோடு ஓடியிருந்தால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். போன வருஷம் ஒரு பையன் கழுவாமலே நேராகக் கொண்டுவந்தான். சீட்டைக் கழற்றினேன். பின் கேரியரை சேஸிஸோடு பிடிக்கும் வெல்டிங்கில் நகக்கண் அளவுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. மண் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் விரிசல், அதற்குள் துரு. சாமான் மூட்டையைச் சுமந்து நாள்கணக்கில் குதித்ததில் விட்டிருக்கிறது. கழுவியிருந்தால் அது வெறும் பெயிண்ட் கீறல் மாதிரித்தான் தெரிந்திருக்கும், நானும் தாண்டிப் போயிருப்பேன். இன்னொன்று, வாட்டர் சர்வீஸ் குழாயின் வேகம் பேரிங் சீலுக்குள் தண்ணீரையே ஏற்றிவிடும். ஓடைகளில் இறங்கிக் கிரீஸ் பாதி போன பேரிங்குக்கு அது இரண்டாவது அடி. ஏற்கெனவே கழுவிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, கொஞ்சம் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ‘டக்’ சத்தம் பெரும்பாலும் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் இருக்கும் பேரிங். நீங்களே பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கோன் செட் லூஸ், டைட் வைத்தால் சரியாகிவிடலாம். அடுத்து ஹேண்டிலை ஒரே ஒரு விரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது மாதிரி பிடித்தால், உள்ளே குண்டுகள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன என்று அர்த்தம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஹேண்டில் நேராகவே நின்று, அதே இடத்தில் அடி வாங்கியதால் வருவது இது. டைட் வைத்து அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், செட்டையே மாற்ற வேண்டும். இரண்டு சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் பிரேக் கேலிப்பர் போல்ட், முன் ஆக்சில் நட்டு, ஃபோர்க்கின் உள் புஷ் என்று அடுத்தடுத்துப் போக வேண்டும். அதை எழுத்தில் படித்துச் சொல்ல முடியாது, வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

மைலேஜ் குறைந்ததற்கு முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தார் இல்லாத மலைச் சாலைகளில் முன்னால் போன லாரியின் புழுதியை உங்கள் வண்டியும்தான் மூச்சில் இழுத்தது. தட்டிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். அடுத்தது டயர் காற்று. லேயில் 30 பிஎஸ்ஐ அடித்த டயரை அப்படியே கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். கசிவு இல்லை. மேலே காற்றழுத்தம் குறைவு, இங்கே அதிகம், அளவி காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். இங்குள்ள வெயில் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டிவிடும் என்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஜல்லி ரோட்டுக்காகக் காற்றை இறக்கிவிட்டு மறந்தவர்களும் உண்டு. மூன்றாவது, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கில் மண் இறுகி உரசிக்கொண்டே ஓடினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும்.

உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் எரிபொருள் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு கேள்வி கேட்பேன்: லேயில் யாராவது ஸ்க்ரூவைத் திருகினார்களா? கார்துங் லாவில் (18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள், பின்னால் அளந்தவர்கள் 17,600 அடியை ஒட்டித்தான் சொல்கிறார்கள்) காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி. அங்கே வண்டி இழுக்க வேண்டுமென்று பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதே செட்டிங்கில் இங்கே ஓட்டினால் இன்ஜின் சூடேறும், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். பழையபடி திருப்பி வைக்க வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையேட்டில் எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும் இன்ஜின் ஆயிலை இப்போது மாற்றுங்கள். இறக்கும்போது பாலாடை மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆயில் மட்டும் மாற்றினால் போதாது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள், பல்லை விட்டு நன்றாக எழும்பி வந்தால் செயின் செட் முழுசாக மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. ஸ்போக் வீலாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டிங்’ என்று கேட்பது நல்லது, ‘டப்’ என்று கேட்பது தளர்ந்தது. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு மாதிரி விழுவது அதனால்தான். பிரேக் ஆயில் டாட் 4, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ஜாதி. இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். கணவாய் இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருந்தால் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, பேட் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா என்றும் பாருங்கள்.

கைக்கு வருவோம். எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் ஒரு நரம்பு, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் வேறொரு நரம்பு. டாக்டரிடம் போனால் முதலில் இதைத்தான் கேட்பார். ஆக்சிலேட்டரைப் பிடித்த பிடியும் ஹேண்டிலின் அதிர்வும் சேர்ந்து நரம்பை அழுத்தியிருக்கும். என்னிடம் வருபவர்களில் பலருக்கு வண்டியை விட்டபின் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே குறைந்திருக்கிறது. ஆனால் உங்கள் வேலை கம்ப்யூட்டரில். வலது மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றி மவுஸ் பிடித்தால், வண்டி விட்ட இடத்திலிருந்து மேஜை தொடரும். ஒரு மாதம் தாண்டியும் இருந்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ காத்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் இருக்கிறதா? ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் நெடுஞ்சாலை வேகத்தில் 90 டெசிபெலைத் தாண்டும். எனக்கு இடது காதில் அது இன்னும் இருக்கிறது. அடுத்த முறை காதில் இயர்பிளக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மூன்று வரி. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போனால் இருபது, இருபத்தைந்து நாள் ஆகும். திரும்பி வந்ததும் நேராக வீட்டுக்கு வரமாட்டார். லாரியை ஸ்டாண்டில் போட்டு, சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, வீல் நட்டு, ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். கழுவாமல் பார்க்க வேண்டும் என்பது அவரிடம் கற்றதுதான். அப்புறம் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு மணி நேரம். அங்கே நாக்பூர் போனவர், கட்டாக் போனவர் எல்லாரும் இருப்பார்கள். யாரும் யாரையும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்கமாட்டார்கள். ‘அந்தப் பாலம் முடிஞ்சுதா?’, ‘செக்போஸ்ட்ல இன்னும் அந்த மீசைக்காரன்தானா?’, இவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் அவர் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா எதுவும் கேட்கமாட்டார், ரசமும் அப்பளமும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவராகவே, ‘நாக்பூர்ல ஆரஞ்சு கிலோ என்ன விலை தெரியுமா?’ என்று ஆரம்பிப்பார்.

நாலரை மணி விழிப்பு எனக்கும் மூன்று வாரம் இருந்தது. வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று 38 நாள் பழகிய உடம்பு, விடுப்பு முடிந்தது என்பதற்காக ஒன்பது நாளில் பழக்கத்தை விடாது. சொல்ல வராததற்கும் காரணம் இருப்பதாக நினைக்கிறேன், இது என் அனுமானம்தான். அப்பாவுக்கு அந்த டீக்கடை இருந்தது. தனியாகப் போனவனுக்கு அந்தச் சாலையைத் தெரிந்த இரண்டாவது ஆள் ஊரில் கிடையாது. ‘எப்படி இருந்தது’ என்பது 38 நாளையும் ஒரே வாயில் கேட்கும் கேள்வி, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் செய்தது இது: ஒருவரிடம் ஒரு நாளை மட்டும் சொன்னேன். தங்கைக்கு சர்ச்சுவில் குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகாத காலை. மச்சானுக்கு காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்கு எங்கே என்ன சாப்பிட்டேன் என்பது மட்டும். உங்கள் அம்மா கேட்பதும் அநேகமாக அதைத்தான், தம்பி. இன்னொன்று, பெட்ரோல் பங்க் ரசீதுகளை ஒரு கவரில் வைத்திருப்பீர்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். ஊர், தேதி, லிட்டர் மூன்றையும் இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போட்டோவில் இல்லாத ஊர்களெல்லாம் அதில்தான் இருக்கும்.

இதில் எது சகஜம், எது சகஜமில்லை என்று கோடு போட எனக்குப் படிப்பு இல்லை. போகப்போகக் குறைந்தால் கவலைப்பட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. தமிழிலேயே பேசலாம்.

ஊருக்குள் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாள் முழுக்க 80, 90இல் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு 50 நடக்கிற மாதிரித்தான் தெரியும். இது உங்களுக்கு இன்னும் சில நாள் இருக்கும், அதனால் மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள், கண்ணை நம்பாதீர்கள். 2009இல் நான் 31 நாள் ஒரு கீறல் இல்லாமல் வந்தேன். தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் எல்லாரும் பயப்படுவதால் நானும் பயந்து ஓட்டினேன். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் அம்மா வாசலில் நிற்பது தெரிந்தது. பார்வை அங்கே போய்விட்டது. எவரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் முன் சக்கரம் ஏறியது, நான் கீழே, இடது தோள்பட்டை எலும்பு முறிவு. வீட்டிலிருந்து இருநூறு அடி இருக்கும். அந்த ஆறு வாரம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்ததில்தான் எனக்குப் பயணம் முடிந்தது என்றே உறைத்தது, அது வேறு கதை.

விற்பதைப் பற்றி: பணம் தேவையென்றால் விற்றுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. மற்றபடி மூன்று மாதம் பொறுங்கள். வந்த சூட்டில் விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘அண்ணா, அந்த வண்டியை வாங்கினவர் நம்பர் இருக்கா?’ என்று வந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்குத்தான் திரும்பக் கிடைத்தது, அதுவும் விற்ற விலைக்கு மேல் கொடுத்து. அப்படியே விற்றாலும் ‘லடாக் போய்வந்த வண்டி’ என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடாதீர்கள், விலை குறையும். வாங்க வருபவர் நேரில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த ஓடையில் எவ்வளவு ஆழம் இறங்கினது என்பது உட்பட. வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை உங்கள் எழுத்தில் இல்லை, ஆனால் அடிக்கடி அதுவும் கூடவே வரும். அதற்கும் இதே மூன்று மாதம்தான்.

கடைசியாக அந்தக் கொடி. லேயில் வாங்கிக் கட்டியது என்றால் திபெத்தியர்கள் ‘லுங்தா’ என்று சொல்வது, காற்றுக் குதிரை என்று பொருள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஐந்து நிறம், ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று கணக்கு. நம்மூர் பஞ்சபூதம்தான். காற்றில் ஆடி ஆடி அது நைந்து வெளுத்துப் போவதுதான் அவர்கள் வழக்கம், அதனால் பழசாகிவிட்டதே என்று கழற்ற வேண்டியதில்லை. ரொம்பக் கிழிந்தபின் தரையில் போடாமல் எரித்துவிடுவார்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கொடியின் நூல் ஆக்சிலேட்டர் கேபிளை ஒட்டிப் போகிற மாதிரி தெரிகிறது. ஹேண்டிலை முழுசாக ஒடிக்கும்போது அது கேபிளில் சுற்றி இழுக்கும். நாலு விரற்கடை தள்ளிக் கண்ணாடிக் கம்பியில் கட்டிக்கொள்ளுங்கள்.